அப்பாவின் செடி பெற்ற பிள்ளைகள்

பெரும்பாலான பழங்கள் விதையை வயிற்றுக்குள் ஒளித்து வைத்துக்கொள்ளும். மா, பலா, பப்பாளி, கொய்யா எல்லாமே அப்படித்தான். ஸ்ட்ராபெரி மட்டும் தன் விதைகளைத் தோலின் மேலேயே பதித்துக்கொண்டு வெளியே காட்டி நிற்கிறது. உண்மையில் அந்தப் புள்ளி ஒவ்வொன்றும்தான் பழம் என்கிறது தாவரவியல். உள்ளே ஒரே ஒரு விதையை வைத்திருக்கும் காய்ந்த சின்னஞ்சிறு பழம் அது. நாம் ருசித்துச் சாப்பிடும் சிவப்புச் சதை, பூவின் அடிப்பகுதி பருத்துப் பழுத்தது. நடுத்தரமான ஒரு ஸ்ட்ராபெரியில் ஏறத்தாழ 200 விதைகள் இருக்கும்.

ஒரு பழத்தில் இத்தனை விதை இருந்தும், கேமரன் மலையில் அதை எடுத்து விதைப்பவரைக் காண்பது அரிது. வார இறுதியில் கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வருகிறவர்கள் கூடையும் கத்தரிக்கோலுமாகப் பழம் பறிக்கும் பண்ணைகளில், அத்தனை செடிகளும் கொடியிலிருந்து வந்தவை. ஸ்ட்ராபெரிச் செடி நன்றாக வேர்பிடித்த பிறகு பக்கவாட்டில் மெல்லிய கொடியை நீட்டும். அந்தக் கொடியின் கணு மண்ணைத் தொட்ட இடத்தில் ஒரு குட்டிச் செடி வேர்விடும். பண்ணைக்காரர்கள் இதை ‘ரன்னர்’ என்பார்கள். குட்டி தன் காலில் நின்றதும் கொடியை வெட்டிவிட்டால் புதுச் செடி தயார். தாய்ச் செடியின் அதே ருசி, அதே நிறம், அதே வடிவம். வியாபாரத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

எங்கள் வீட்டுப் பின்புறத்தில் இருந்த ஸ்ட்ராபெரிகளும் அப்படிக் கொடி விட்டு வளர்ந்தவைதான். முதல் மூன்று செடிகளைக் கொண்டு வந்தவர் அப்பா. பிரிஞ்சாங்கிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு தாப்பா வழியாகக் கோலாலம்பூர் போகும் லோரியை இருபத்தேழு ஆண்டுகள் ஓட்டியவர் அவர். 2011இல், வேலையை விடும் சமயத்தில், ஒரு பண்ணையில் சரக்கு ஏற்றும்போது அங்கிருந்தவர்கள் கொடுத்தார்கள் என்று மைலோ டின்னில் வைத்து எடுத்து வந்தார். ‘காய்கறியெல்லாம் ஊருக்கு ஏத்தினேன், இது நமக்கு’ என்று சொல்லி அம்மாவிடம் நீட்டினார். இரண்டு ஆண்டுகளில் அவர் போய்விட்டார்.

ஸ்ட்ராபெரி நீண்ட ஆயுள் கொண்ட செடி அல்ல. மூன்று நான்கு ஆண்டுகளில் தளர்ந்துவிடும். ஆனால் கொடியிலிருந்து புதுச் செடி எடுத்துக்கொண்டே இருந்தால் அந்த வம்சம் நிற்காது. அம்மா அதைத்தான் செய்தார். ஆண்டுதோறும் கொடி எடுத்து, பழைய செடியைக் கழித்து, புதியதைத் தொட்டியில் வைப்பார். யாராவது கேட்டால், “இது எங்க வீட்டுக்காரர் கொண்டாந்தது” என்பார். அப்பா கொண்டு வந்த மூன்று செடிகள் மண்ணாகிப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். ஆனாலும் அவர் சொல்வதில் பிழையில்லை. கொடிச் செடி என்பது அதே செடிதான். உடம்பு மாறியிருக்கும், ஆள் மாறுவதில்லை.

2021 வாக்கில் அந்த ஆளுக்கு நோய் வந்தது. இலைகள் ஓரத்தில் மஞ்சளாகிச் சுருண்டன. செடி குட்டையானது. பழம் கோலிக்குண்டு அளவுக்குச் சிறுத்தது. உரம் மாற்றினோம், மண் மாற்றினோம். ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்துப் பண்ணையில் வேலை செய்யும் தம்பி ஒருவர் வந்து இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “அக்கா, இது வைரஸ். அசுவினி பரப்பியிருக்கும். இதுக்கு மருந்து கிடையாது. எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுருங்க, நான் நல்ல கன்னு கொண்டாந்து தரேன்” என்றார்.

நான் தமிழ்ப்பள்ளியில் முப்பது ஆண்டுகள் அறிவியல் போதித்து ஓய்வு பெற்றவள். அவர் சொன்னதன் காரணம் எனக்குப் புரிந்தது. கொடியின் வழியாகத் தாயின் குணமெல்லாம் குட்டிக்குப் போகிறது என்றால், நோயும் அதே வழியாகத்தான் போகும். அசுவினி ஓர் இலையில் கொண்டு வந்து வைத்த வைரஸ், கொடிக்குக் கொடி, ஆண்டுக்கு ஆண்டு எங்கள் தொட்டிகளில் சேர்ந்துகொண்டே வந்திருக்கிறது. எதை அப்படியே காப்பாற்ற நினைத்தோமோ, அதன் சாவையும் சேர்த்தே வளர்த்திருந்தோம்.

அம்மாவிடம் சொன்னேன். அவருக்கு அப்போது எண்பத்தொரு வயது. கண் பார்வை மங்கியிருந்தாலும் காது கூர்மை. முழுவதையும் கேட்டுவிட்டு, “கன்னு எதுக்கு? வெதை இருக்கில்ல?” என்றார்.

அம்மா ரிங்லெட் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். லயத்து வீட்டின் பின்னால் ஐந்தடி நிலம் கிடைத்தாலும் அதில் ஏதாவது ஒன்று காய்க்கும். அவரை, பூசணி, மிளகாய், கீரை. எதையும் அவர் கடையில் விதை வாங்கிப் போட்டு நான் பார்த்ததில்லை. கொடியில் முதலில் திரண்ட நல்ல காயில் சிவப்பு நூல் கட்டிவிடுவார். நூல் கட்டிய காய் விதைக்கு விட்டது. எவ்வளவு பசியிருந்தாலும் அதைத் தொடக்கூடாது. முற்றிக் காய்ந்ததும் விதையை எடுத்து, அடுப்புச் சாம்பலில் புரட்டி, துணியில் முடிந்து, அடுப்புக்கு மேலே புகை படும் இடத்தில் தொங்கவிடுவார். தோட்டம் மாறி வேறு தோட்டத்துக்குக் குடும்பம் போனபோது, பாத்திரங்களுக்கு முன்பே அந்த முடிச்சுகளைத்தான் எடுத்து வைத்தாராம். “வீடு கம்பெனி வீடு, நெலம் கம்பெனி நெலம். வெதை மட்டுந்தான் நம்மளது” என்று அடிக்கடி சொல்வார். விதை எடுக்காமல் வளர்க்கும் செடியை வாடகை வீடு என்பார்.

ஆகவே அவர் கேட்டதில் வியப்பில்லை. ஆனால் ஸ்ட்ராபெரி அவருடைய அவரையைப் போன்றது அல்ல. அவரையும் மிளகாயும் பெரும்பாலும் தன் பூவின் மகரந்தத்தாலேயே காய்ப்பவை. தலைமுறை தலைமுறையாக அப்படியே வந்ததால் விதை போட்டால் அதே செடி வரும். பண்ணை ஸ்ட்ராபெரி கலப்பில் பிறந்தது. மனிதருக்குக் குரோமோசோம்கள் இரண்டு தொகுதியாக 46. ஸ்ட்ராபெரிக்கு எட்டுத் தொகுதியாக 56. ஒவ்வொரு விதையிலும் அவை புதிதாகக் கலைத்துப் போட்ட சீட்டுக்கட்டு போல விழும். போதாததற்கு, பக்கத்துப் பண்ணைகளிலிருந்து தேனீக்கள் வேறு மகரந்தம் கொண்டு வருகின்றன. ஒரு பழத்தின் 200 விதைகளும் 200 விதமாக வளரக்கூடும்.

இதையெல்லாம் எளிமையாக்கி அம்மாவிடம் சொன்னேன். “வெதை போட்டா அப்பா செடி வராதும்மா. வேற என்னமோதான் வரும். புளிக்கலாம், சின்னதா இருக்கலாம். அதே மாதிரி இருக்காது.”

அம்மா என் பக்கம் திரும்பினார். “நீ என்னா, உங்கப்பா மாதிரியா இருக்க? மூக்கு மட்டுந்தான் அவரு. அதுக்காக ஒன்ன வேணான்னா சொன்னோம்?”

முப்பது ஆண்டுகள் மரபியல் பாடம் நடத்தியவளுக்கு இதற்குப் பதில் இல்லை. விதை எடுக்க முடிவு செய்தோம். இதில் அறிவியலும் அம்மாவின் பக்கம்தான் இருந்தது. ஸ்ட்ராபெரியைத் தாக்கும் வைரஸ்களில் பெரும்பாலானவை விதைக்குள் போவதில்லை. நோயுற்ற தாய்க்குக் கொடி வழியாகப் பிறப்பது நோயுற்ற குட்டி. விதை வழியாகப் பிறப்பதற்கு நோயின்றி வாழ ஒரு வாய்ப்பு உண்டு.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்காக முறையைச் சொல்கிறேன். பழம் செடியிலேயே கரும்சிவப்பாகப் பழுக்க வேண்டும். சாப்பிடுவதற்குரிய பதத்தைத் தாண்டி, இரண்டு நாள் கழித்துப் பறிப்பது நல்லது. அம்மா வழக்கம்போல நான்கு பழங்களுக்குச் சிவப்பு நூல் கட்டினார். பழுத்ததும், கூரிய கத்தியால் விதையோடு சேர்த்துத் தோலை மெல்லிசாகச் சீவி, பழைய செய்தித்தாளின் மேல் நிழலில் பரப்பினோம். மூன்று நான்கு நாளில் தோல் காய்ந்து காகிதம் போலாகும். விரலால் தேய்த்தால் விதை உதிரும். எள்ளைவிடச் சிறியது. வீட்டில் மின்விசிறி ஓடினால் அதோடு கதை முடிந்தது. அனைத்தும் பறந்துவிடும்.

அடுத்தது குளிர். ஸ்ட்ராபெரியின் மூதாதையர் பலர் பனிக்காலம் உள்ள நாடுகளைச் சேர்ந்தவர்கள். கோடையில் உதிர்ந்த விதை பனிக்காலத்தில் முளைத்தால் செத்துப்போகும். அதனால் ஒரு குளிர்காலம் கடந்துவிட்டது என்று தெரியும்வரை பல விதைகள் கண் விழிப்பதில்லை. கேமரன் மலை சில்லென்று இருந்தாலும் பனிக்காலம் இங்கே வருவதில்லை. ஆகவே ஈரமான மெல்லிழைத்தாளில் விதைகளை மடித்து, மூடியுள்ள டப்பாவில் போட்டு, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் நான்கு வாரம் வைத்தோம். உறைய வைக்கும் தட்டில் வைக்கக்கூடாது. அம்மா தினமும் கேட்பார், “தூங்குதா, எந்திரிச்சிருச்சா?”

விதைக்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்றுதான். மண்ணைப் போட்டு மூடக்கூடாது. வெளிச்சம் பட்டால்தான் இவை நன்றாக முளைக்கும். கடையில் சாப்பாடு தாப்பாவ் செய்து வரும் பிளாஸ்டிக் பெட்டியின் அடியில் துளையிட்டு, ஈரமான தேங்காய் நார்த்தூளை நிரப்பி, பல்குத்தும் குச்சியின் நுனியால் ஒவ்வொரு விதையாக எடுத்து மேலே வைத்து அழுத்தினேன். 240 விதைகள். மூடியைப் போட்டு, நேர் வெயில் படாத சன்னலோரம் வைத்தோம். நீரை ஊற்றாமல் தெளித்தோம்.

பதினெட்டாம் நாள் முதல் முளை. பச்சை நிறத்தில் ஒரு குண்டூசித் தலை. ஆறு வாரங்களுக்குள் எழுபது வந்தன. அதில் பாதி தண்டு அழுகிச் சாய்ந்தது. சிலவற்றை நத்தை தின்றது. மூன்று இலை விட்டவற்றைத் தனித்தனிப் பைகளில் மாற்றி, பழைய செடிகள் இருந்த இடத்துக்கு எதிர்ப்புறத்தில், அசுவினி நுழையாத மெல்லிய வலைக்குள் வைத்தோம். கடைசியில் நின்றவை இருபத்திரண்டு.

அந்த மாதங்களில் இந்தப் பழத்தின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். இன்று நாம் சாப்பிடும் பெரிய ஸ்ட்ராபெரி முந்நூறு ஆண்டுகளுக்கு முன் உலகில் இல்லை. ஐரோப்பாவின் காட்டு ஸ்ட்ராபெரி சுண்டுவிரல் நுனி அளவுதான். 1714இல் பிரெஞ்சு இராணுவப் பொறியாளர் பிரெசியே, தென் அமெரிக்காவின் சிலி நாட்டிலிருந்து பெரிய பழம் தரும் செடிகளைக் கப்பலில் கொண்டு வந்தார். நீண்ட கடற்பயணத்தைத் தாங்கிப் பிழைத்தவை ஐந்து. ஆனால் பிரான்சில் அவை காய்க்கவில்லை. அவை பெண் செடிகள். மகரந்தம் தரும் துணை இல்லை. பிறகு வட அமெரிக்காவிலிருந்து வந்திருந்த வேறொரு ஸ்ட்ராபெரி இனத்தின் பக்கத்தில் அவை நடப்பட்டபோது காய்த்தன. அந்தச் சேர்க்கையின் விதையில் பிறந்ததுதான் இன்றைய ஸ்ட்ராபெரி. 1766இல் டூஷேன் என்ற இளம் தாவரவியலாளர் இந்தக் கலப்பைக் கண்டு நூலில் எழுதினார்.

ஆக, இந்தப் பழமே விதையில் நேர்ந்த ஒரு மாற்றம். வெவ்வேறு நாடுகளிலிருந்து கடல் தாண்டி வந்த இரண்டு செடிகள், மூன்றாவது நாட்டு மண்ணில் பெற்ற பிள்ளை. அன்று எல்லாரும் கொடி மட்டும் எடுத்துக்கொண்டிருந்தால் கேமரன் மலைக்கு இப்படியொரு பழம் வந்திருக்காது. கப்பலேறி வந்த மூதாதையரின் பேரப்பிள்ளைகளாகிய நமக்கு இந்தக் கதை புதிதாகத் தோன்றாது. அம்மாவிடம் சொன்னபோது, “அதுவும் நம்ம கேஸ்தானா?” என்று சிரித்தார்.

விதைத்து எட்டு மாதமானபோது முதல் பழங்கள் பழுத்தன. இருபத்திரண்டும் இருபத்திரண்டு விதம். ஒன்றின் பழம் ஆப்பு போல நீண்டது. ஒன்று உருண்டை. ஒன்று முழுதாகப் பழுத்தும் ரோஜா நிறத்தைத் தாண்டவில்லை. இரண்டு, வாயில் வைக்க முடியாத புளிப்பு. நான்கு செடிகள் இலையாகவே வளர்ந்து பூக்க மறுத்தன. அகன்ற பெரிய பழம் ஒன்று பார்க்க அழகாக இருந்தது. கடித்தால் தண்ணீர்.

அம்மா நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். நான் ஒவ்வொரு செடியிலிருந்தும் ஒரு பழத்தைப் பறித்து உள்ளங்கையில் வைத்தேன். நிறமோ வடிவமோ அவர் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. மோந்து பார்த்து, பிறகு சிறிது கடித்து, “ம்” அல்லது “ம்ஹும்” என்பார். பன்னிரண்டாம் பழத்தை மோந்தவர் நெடுநேரம் அதைக் கீழே வைக்கவில்லை. பழம் சிறியது. ஒரு பக்கம் கோணல். சந்தையில் வைத்தால் யாரும் தொடமாட்டார்கள். ஆனால் பழத்தைக் கிள்ளியதும் தாழ்வாரம் முழுக்க மணந்தது.

“அப்பா செடியா?” என்று கேட்டேன்.

“இல்ல. அது இவ்ளோ வாசம் வராது.” இன்னொரு கடி கடித்தார். “இது அவரு பார்க்காத பேத்தி.”

அந்தச் செடிக்கும், நல்ல இனிப்பாக இருந்த இன்னொன்றுக்கும் அம்மாவே நூல் கட்டினார். இப்போது அந்த இரண்டிலிருந்தும் கொடி எடுத்துப் பெருக்கி வருகிறோம். கொடியும் வேண்டும், விதையும் வேண்டும். பிடித்ததைப் பிடித்த மாதிரியே சில ஆண்டுகள் வைத்துக்கொள்ளக் கொடி. அது தளரும் காலத்தில் மறுபடி தொடங்குவதற்கு விதை.

பழைய செடிகளை என்ன செய்வது என்ற கேள்வி மிச்சமிருந்தது. அவை இருக்கும்வரை அசுவினி அங்கிருந்து நோயை இங்கே கொண்டு வரும். நான் அதைப் பற்றிப் பேச்செடுக்கத் தயங்கிக்கொண்டிருந்தேன். ஒரு காலையில் அம்மாவே சுவரைப் பிடித்துக்கொண்டு பின்புறம் போய், தொட்டி தொட்டியாகத் தடவிப் பார்த்துப் பிடுங்கி, கறுப்புப் பையில் போட்டு இறுகக் கட்டினார். ஒன்பது தொட்டிகள். பத்து நிமிட வேலை. கையைக் கழுவிவிட்டு வந்து தேநீர் கேட்டார். அன்று அவர் அதிகம் பேசவில்லை. மாலையில் மட்டும், “அந்த மைலோ டின்னு எங்க இருக்கு?” என்றார். தேடி எடுத்துக் கொடுத்தேன். துருப்பிடித்து அடி போயிருந்தது. அதை எறியச் சொல்லவில்லை. வைத்துக்கொள்ளவும் சொல்லவில்லை. அது இன்னும் படிக்கட்டில்தான் இருக்கிறது.

கிள்ளானிலும் ஜொகூரிலும் இருக்கும் வாசகர்கள் ஸ்ட்ராபெரி விதைத்துப் பாருங்கள் என்று நான் சொல்லமாட்டேன். முளைக்கும். ஆனால் அந்த வெயிலில் செடி பெரும்பாலும் தளர்ந்துவிடும், காய்ப்பது கடினம். உங்கள் ஊரில் உங்கள் தட்பவெப்பத்துக்கு என்ன வளருமோ அதில் ஒன்றை விதைக்கு விடுங்கள். பாட்டி வீட்டு மிளகாயோ, பக்கத்து வீட்டுப் பாகற்காயோ, எதுவானாலும் சரி. நன்றாகத் திரண்ட ஒன்றுக்கு ஒரு நூல் கட்டுங்கள். வீட்டில் இருக்கும் பெரியவரிடம் எதை, எப்படி எடுத்து வைத்தார்கள் என்று கேளுங்கள். கேட்பதற்கு ஆள் இருக்கும்போதே கேட்பது நல்லது.

இந்த ஆண்டும் அம்மா விதை எடுத்தார். காகிதத்தில் மடித்து, நான் மேலே ஆண்டையும் செடியின் எண்ணையும் எழுதினேன். சிங்கப்பூரில் வேலை செய்யும் என் மகள் விடுமுறைக்கு வந்தபோது அவளிடமும் ஒரு பொட்டலம் தந்தார் அம்மா. “அங்க வளராது, பாட்டி. என் வீடு பன்னெண்டாவது மாடி” என்றாள் அவள்.

“வளர்க்கவா குடுத்தேன்? ஐஸ் பெட்டியில வச்சிரு. தூங்கட்டும். இங்க வர்றப்ப எடுத்துட்டு வா” என்றார் அம்மா.

அவள் அதைக் கடப்பிதழ் இருக்கும் பைக்குள் வைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.